பள்ளத்துக்குள் இறங்காத தடம்

என் ஏழுமலைக்கு, மாப்ள,

நாளையோடு நீ போய் ஒரு வருஷம். நம் ஊர் முன்னாள் ராணுவத்தினர் ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல வீரன், நல்ல மனிதன் என்று நான்கு வரி கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். உட்கார்ந்தால் வேறொன்று வருகிறது. வந்ததையே எழுதுகிறேன்.

வெளிநாட்டில் நாம் ஓடிய அந்தப் போட்டியை ஊரில் யாருக்கும் என்னால் புரியவைக்க முடிந்ததில்லை. காலில் பனிச்சறுக்குக் கட்டைகள், நெஞ்சுக்கு முன்னால் ஒரு பலகையில் வரைபடம். காட்டுக்குள் ஆங்காங்கே வைத்திருக்கும் நிலையங்களை வரிசை மாறாமல் தேடிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் கையில் இருக்கும் சின்னக் குச்சியைச் செருகினால் 'பீப்' என்று கத்தும். வந்து போனதற்கு அதுதான் சாட்சி.

இமயத்தில் போஸ்டிங் கிடைத்த பிறகுதான் நாம் பனியையே பார்த்தோம். அங்கேயே விழுந்து எழுந்து கற்றுக்கொண்டு, ஐரோப்பாவின் வடகோடிவரை போய், இந்தியா என்று எழுதிய சட்டையோடு நின்றோம். "மச்சான், வெயில்ல காஞ்சவங்கள எங்க கொண்டாந்து நிறுத்திருக்காங்க பாரு!" என்று சிரித்தாய்.

மூன்று பேர் ஓடும் தொடர் ஓட்டம். நீ முதல், நான் இரண்டாவது. நீ வந்து என் தோளைத் தட்டியபோது கடிகாரத்தைப் பார்த்தேன். நான் நினைத்ததைவிட ரொம்பச் சீக்கிரம் வந்திருந்தாய். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இவனால் எப்படி முடிந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஐந்தாவது நிலையம் ஒரு பள்ளத்துக்குள் இருந்தது. எனக்கும் அதே நிலையம்தான். இறங்கும்போது ஒரு தடத்தைப் பார்த்தேன். பள்ளத்துக்குள் போகாமல், மரங்களுக்கு நடுவே திரும்பி, நேராக ஆறாவதை நோக்கிப் போயிருந்தது. அன்று அந்தக் காட்டில் எத்தனையோ பேர் சறுக்கினார்கள். ஆனால் எனக்கு அது உன்னுடையதாகத்தான் தெரிந்தது.

ஓட்டம் முடிந்து பார்த்தால், உன் குச்சியில் ஐந்தாவது பதிவாகவில்லை. நம் அணியையே நீக்கிவிட்டார்கள். "செருகினேன் சார். காத்துல சத்தம் கேக்கல, ஆனா செருகினேன்" என்று நீ அடித்துச் சொன்னாய். உதடு நீலம் பாய்ந்திருந்தது உனக்கு.

பயிற்சியாளர் என்னைத் தனியே அழைத்தார். "நீ ஏதாச்சும் பாத்தியா?"

"பள்ளத்துல எறங்காம திரும்பின தடம் ஒண்ணு பாத்தேன் சார்." இது உண்மை.

"அவனோடதா?"

"அவனோடது மாதிரிதான் சார் இருந்துச்சு."

அந்த இரண்டாவது பதிலை நான் ஏன் சொன்னேன்?

அதன்பின் உன்னை எந்த அணியிலும் எடுக்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் நான் போட்டிக்குப் போனேன். நீ ஸ்டோரில் கம்பளி எண்ணிக்கொண்டிருந்தாய். பென்ஷனோடு ஊருக்கு வந்து, செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியில் வாட்ச்மேனாகச் சேர்ந்தாய். அங்கே யாராவது பனியைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாயாம்.

மறைக்காமல் சொல்கிறேன், இன்றைக்கும் எனக்கு உன்மேல் முழு நம்பிக்கை வரவில்லை. குச்சியைச் சட்டென்று எடுத்துவிட்டால் பதிவாகாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். எனக்கே ஒருமுறை அப்படி ஆனது. ஆனாலும் அன்றைய உன் வேகம்? உன்னைச் சந்தேகிப்பேன், உடனே என்னைச் சந்தேகிப்பேன். பயிற்சியில் ஒரு தடவைகூட உன்னை முந்தியவன் இல்லை நான். அது உன் தடமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் அப்படிப் பார்த்தேனா?

உன் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது மாப்ள. கலெக்டர் ஆபீஸில் டைப்பிஸ்ட். வீட்டிலிருந்து நடந்தே போகிறாள். அதைக் கேள்விப்பட்டுத்தான் போன மாதம் பழம் வாங்கிக்கொண்டு வேங்கிக்காலில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியாகிவிட்டாலும் செல்வி எனக்குத் தங்கை இல்லையா? அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ண்ணா, அன்னிக்கு அவரப் பத்தி ஆபீசர்கிட்ட சொன்னது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"நீ கூடத்தான இருந்த?"

"கூட இருந்தா எல்லாமா தெரியும்?"

அவள் நிமிரவே இல்லை. "அவரு யார் பேரையும் சொன்னதில்ல. நீ வரேன்னு போன் பண்ணா மட்டும் டூட்டி இருக்குன்னு கெளம்பிடுவாரு. லீவு நாள்லகூட."

முறத்தில் அரிசியை ஒருமுறை புடைத்தாள். "காபி போடட்டுமா?" என்றாள். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அப்படியென்றால் உனக்குத் தெரியுமா? தெரிந்தும் அவளிடம் சொல்லாமல் இருந்தாயா? அவளுக்கு அண்ணன் வேண்டும் என்றா, இல்லை என் பெயரைச் சொல்லவே உனக்கு வாய் கூசியதா? அவளுக்கு எவ்வளவு தெரியும்? கேட்டபோதே பதிலும் அவளிடம் இருந்ததோ?

மலர்க்காரர்கள் காத்திருக்கட்டும். நாளை உன் படத்துக்கு மாலை போட வருவேன். இந்தக் கடிதத்தை முதலில் செல்விக்குத்தான் படித்துக் காட்டுவேன், 'தெரியாதும்மா' என்று நான் சொன்ன பொய்யையும் சேர்த்து. நடுவில் அவள் எழுந்து உள்ளே போய்விட்டால், கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கடைசி வரிவரை படிப்பேன். இது சத்தியம் மாப்ள.

அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்னும் உரிமை இருந்தால்,
உன் மச்சான்
சேகர்