இந்த மாதிரி நாள் நூறு வரட்டும்

மோந்தெரிவோ,
பிப்ரவரி 18

அன்பு மகள் ஃபியம்மெத்தாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம், என் முழங்கால் மட்டும்தான் என்னோடு ஒத்துப்போவதில்லை. ஹெல்சிங்கியில் பனி இன்னும் விட்டபாடில்லை என்று கேள்வி, காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் கணவர் யார்க்கோ சுகமாக இருக்கிறார், வேளைக்கு மூன்று தட்டு சாப்பிடுகிறார். மாமனார் வீட்டில் மூன்று வாரம் இருந்தால் இத்தாலியன் தானாக வந்துவிடும் என்று அனுப்பிவைத்தாயே, வருகிறது, ஆனால் எந்த வார்த்தை எங்கே வந்து விழும் என்பதுதான் தெரியவில்லை. மரியாதையாகப் பேச வேண்டும் என்று அவருடைய இலக்கணப் புத்தகத்தில் போட்டிருக்கிறதாம், நம் நாயிடம் "நீங்க தயவுசெஞ்சு கொஞ்சம் நகருங்க" என்கிறார், பாதிரியார் தோன் ஃபவுஸ்தோவைப் பார்த்ததும் பதறிப்போய் "நீ சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டார். நாம் காலையில் மட்டும் குடிக்கிற கப்புச்சினோவை மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கடையில் கேட்டார், கடைக்காரர் செலெஸ்தே என்னைத் தனியே அழைத்து, மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்லையா என்று விசாரித்தார்.

பெரியப்பா ஜில்டோ இறந்ததை யார்க்கோ போனில் சொன்னதாகச் சொன்னாய். அது எங்களுக்கு எப்படித் தெரிய வந்தது, அடக்கத்தில் என்ன நடந்தது என்று அவர் சொல்லியிருக்க மாட்டார், அதனால்தான் இந்தக் கடிதம். போன வியாழன் அம்மாவின் பிறந்தநாள், வந்தவர்கள் எல்லாம் அவள் கையைப் பிடித்து "இந்த மாதிரி நாள் நூறு வரட்டும்" என்று வாழ்த்தினார்கள், யார்க்கோ அதை நோட்டில் எழுதிக்கொண்டார். ஊரே வரிசையில் வந்து ஒருவர் கையைப் பிடித்தால் இதைச் சொல்ல வேண்டும் என்று கீழே ஒரு விதியும் தானாக எழுதிக்கொண்டது எங்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை மூவரும் கடைத்தெருவுக்குப் போனபோது, வாசித்துப் பழகுகிறேன் என்று சுவரில் கண்டதையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார், கறுப்பு ஓரம் போட்ட ஒரு தாளையும் ஒரு எழுத்து பிசகாமல் படித்துவிட்டு, சரியா என்பதுபோல அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அது ஜில்டோவின் இரங்கல் அறிவிப்பு. அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லாத அக்கா வீடு, ஆள் அனுப்பிச் சொல்லக்கூட இல்லை. எல்லாம் அந்தக் கிறிஸ்துமஸில் அம்மா தன் கையால் பிடித்து சூப்பில் போட்ட கப்பெல்லெத்திக் கொழுக்கட்டையை நோர்மா பெரியம்மா வாயில் வைத்துவிட்டு, கடையில் வாங்கியதா என்று கேட்டதால் வந்த வினை.

அடக்கத்துக்கு வந்த அம்மா கோயிலில் கடைசி வரிசையைவிட்டு நகரவில்லை. பூசை முடிந்ததும் நானும் யார்க்கோவும்தான் துக்கம் விசாரிக்கும் வரிசையில் நின்றோம். அவர் முறை வந்தது. நோர்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்து, மூன்று வாரத்தில் ஒருமுறைகூட வராத சுத்தமான உச்சரிப்பில் "இந்த மாதிரி நாள் நூறு வரட்டும்" என்றார். தோன் ஃபவுஸ்தோ தரையைப் பார்த்தார். அப்போது கடைசி வரிசையிலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு, வேறு யார், உன் அம்மாதான். நோர்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, "எர்சிலியா, உன் மருமகன்தானே இது? நீதான் சொல்லிக்குடுத்து அனுப்புனியா?" என்றாள். அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, அது என் பிறந்தநாளுக்குக் கத்துக்கிட்டது, அக்கா" என்றாள். ஒன்பது வருடம் கழித்து அந்த "அக்கா"வை நான் கேட்டேன். "நூறு நாளா? ஒரு நாளுக்கே அந்த மனுஷன் என்னைப் பாடாப் படுத்திட்டான்" என்று சொல்லி நோர்மா சிரித்த சிரிப்பில் சவப்பெட்டி தூக்க வந்தவர்களும் தோள் குலுங்க நின்றார்கள். பிறகு இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டுதான் கல்லறைக்கு நடந்தார்கள்.

அர்த்தத்தை நான்தான் யார்க்கோவுக்கு விளக்கினேன், விளக்கியிருக்கவே கூடாது. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை, நாயிடம்கூட. நேற்று நோர்மா நம் வீட்டுக்கு வந்து அவர் எதிரே உட்கார்ந்து, "ஏம்ப்பா, என்கிட்டயாவது பேசேன்" என்றாள். அவர் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, கடைசியில் மூடிவைத்துவிட்டு, "என்கிட்ட வார்த்தை இல்ல" என்றார். தனக்குத் தெரிந்த இத்தாலியன் தீர்ந்துபோயிற்று என்றுதான் பாவம் சொன்னார், ஆனால் நம் ஊரில் பெரிய துக்கத்தில் வேறு எதைச் சொல்கிறோம்? அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத நோர்மா அவர் தோளில் தலையை வைத்து அழுதாள். மறுபடியும் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவர் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். அசையாமல் இருங்கள் என்று கைச்சாடை காட்டினேன். மேசைமேல் வைத்த சூப் ஆறிப்போகும்வரை அப்படியே இருந்தார்.

ஞாயிறு விமானத்தில் அனுப்பிவைக்கிறோம். பெரியம்மாவுக்கு மறக்காமல் போன் செய், ஒரு மணிக்குச் செய்யாதே, சாப்பிடுகிற நேரம். கடவுள் உன்னையும் அவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அப்பா,
ஒத்தாவியோ