கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

என்னங்க, வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

ரிட்டையரான டீச்சருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டீர்களே, சொல்கிறேன். மருந்துக்கடைகளின் மென்பொருளை இப்போது ஆளுக்குப் பதில் ஏஐ ஏஜென்ட் என்ற செயற்கை அறிவு நிரல்தான் இயக்குகிறது. பெயர் தேட, மருந்து அனுப்ப என்று மென்பொருளில் உள்ள கருவிகளில் எது எதற்கு என்று நான் எழுதும் விளக்கம்தான் அதற்குப் பாடப்புத்தகம். போன வாரச் சோதனையில் அந்த ஏஜென்ட், மருந்து கேட்டவரின் பெயர் பட்டியலில் கிடைக்காமல், அதே சாயலில் பெயருள்ள வேறொருவருக்கு மருந்து அனுப்பப் பார்த்தது. விடை தெரியாத பிள்ளை, இடத்தைக் காலியாக விட மனமில்லாமல் எதையாவது எழுதி வைக்குமே, அதுபோல.

“டீச்சரம்மா, உங்க பையன் ஆளையே மாத்திட்டான்!” என்று மேலாளர் பெண் சிரித்தாள்.

பையன் மேல் தப்பில்லை. பெயர் கிடைத்தால் என்ன செய்வது என்று எழுதிய நான், கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை. ‘ஊகிக்காதே, கடைக்காரரிடம் கேள்’ என்று சேர்த்தேன். சரியாகிவிட்டது.

அன்றைக்கே போனில் நீங்கள், “சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரைன்னு நீதானே எழுதி ஒட்டிட்டுப் போனே? தனியா உக்காந்து சாப்பிடப் பிடிக்கல. அதான் மாத்திரையும் போடல” என்றீர்கள்.

ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் அந்தச் சீட்டில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: சாப்பிடப் பிடிக்காவிட்டால், எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய்யவும். நானும் தட்டோடு உட்காருகிறேன். தனியாகச் சாப்பிட்டால் எனக்கும் இறங்குவதில்லை.

எழுதியதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், திருத்த வேண்டும். பஸ் வந்துவிட்டது.

உங்கள் வீட்டு டீச்சர்