சர்க்கரை இறங்கிய நாலு நாள்

ஆடி 9, வெள்ளி

விடாத சாரல். எஸ்டேட்டில் ஏலக்காய் எடுப்பு இல்லை. என் வீட்டுக்காரருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், நீர்க்கடுப்பு. மலையிலிருந்து ஜீப்பில் போடிக்கு இறங்கி டாக்டரைப் பார்த்தோம்.

"வேற நோவு, வேற மாத்திரை ஏதாச்சும் உண்டா?" என்றார் டாக்டர்.

கதவோரம் கூட வந்த எங்கள் எஸ்டேட் கங்காணி நின்றார். இவருக்குச் சுகர் இருப்பது தெரிந்தால் செடிக்கு மருந்தடிக்கிற சோலியிலிருந்து எடுத்துவிடுவார்கள். "ஒண்ணுமில்லைங்க" என்றார் இவர். நானும் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

வாங்கியது: கிருமி மாத்திரை (காலை, இரவு), காய்ச்சல் மாத்திரை, ரொட்டி, மெழுகுவத்தி.

ஆடி 10, சனி

காய்ச்சல் குறைவு. சாப்பாடு இறங்கவில்லை. அரை தம்ளர் கஞ்சி. சுகர் மாத்திரை, கிருமி மாத்திரை இரண்டும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மதியம் கை நடுக்கம். இந்தக் குளிரில் சட்டை பிழிகிற அளவு வேர்வை.

"தேவி, சீனி போட்டு ஒரு காப்பி கொண்டா."

"காய்ச்சல்ல சுகர் ஏறிக் கெடக்கும். சும்மா இருங்க."

சீனி இல்லாமல் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்து வீட்டுச் சேச்சி எட்டிப் பார்த்து, "காய்ச்சல் விட்டா வேர்க்கும். பேடிக்க வேண்டா, பயம் ஒண்ணுமில்ல" என்றாள்.

துணி காயவே இல்லை.

ஆடி 11, ஞாயிறு

காலையில் எழுப்பினேன். எழவில்லை. கண் பாதி திறந்து கிடந்தது. வாயோரம் எச்சில். சேச்சி ஓடிப்போய் ஜீப் பிடித்து வந்தாள். என் மடியில் தலை.

"வெரசா போங்கண்ணே!"

"கல்லு சரிஞ்சு கெடக்கு ஆத்தா. உருண்டா எல்லாரும் போயிருவோம்."

பெரியாஸ்பத்திரி. விரலில் குத்திப் பார்த்தார்கள். சுகர் 31தான். மாத்திரைப் பையைக் கொட்டினேன். டாக்டரம்மா இரண்டு அட்டையையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"இந்தக் கிருமி மாத்திரை சுகர் மாத்திரையோட வேகத்தைக் கூட்டி, சுகரை ஒரேயடியா இறக்கிரும்மா. வயித்துல சாப்பாடும் இல்ல. சுகர் இருக்குன்னு அந்த டாக்டர்கிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை.

"நடுங்குச்சா? வேர்த்துச்சா? இனிப்பா எதுவும் கேக்கலையா?"

கேட்டார். நான் கொடுக்கவில்லை. நான் கொடுக்கவில்லை.

ஆடி 12, திங்கள்

குளுக்கோஸ் ஏற்றியதும் சுகர் கூடியது. இரண்டு மணி நேரத்தில் மறுபடி இறங்கிவிட்டது. மாத்திரை உடம்பை விட்டுப் போகும்வரை இப்படித்தானாம். மணிக்கொரு குத்து. விரலெல்லாம் புள்ளி. சேலையில் இன்னும் நேற்றைய சேறு.

சாயங்காலம் கண் திறந்தார். நர்சு குனிந்து, "பேரு என்னய்யா?" என்றாள்.

"முத்தையா."

எனக்கு அழுகை முட்டியது. உயிர் வந்துவிட்டது.

"இந்தம்மா யாரு?"

என்னைப் பார்த்தார்.

"தோட்டத்துல பாத்திருக்கேன்" என்றார்.