கல் மாவில் உன் முகம்

மாப்பிள்ளை,

பக்கத்துச் சோளக் காட்டில் இன்று காலையிலிருந்து ரிக் வண்டி ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிறது. கல் சூடாகி உடையும் அந்த வாசம் வீட்டுக்குள் வந்ததும் எழுந்துபோய் சன்னலைச் சாத்தினேன். நீ இருந்தவரை சாத்தியதில்லை.

ரிக்கில் நீ வேலை பார்த்த காலத்தில், துளைபோடும் ராடு இறங்க இறங்க மேலே வரும் கல் மாவைக் காட்டுக்காரர் பார்ப்பதற்காக வரிசையாகக் குவித்து வைப்பாய். முதலில் செம்மண், பிறகு வெள்ளை, சாம்பல், ஆழத்தில் கறுப்பு. லாரிகளுக்குப் பின்னால் மயிலும் புலியும் எழுதிப் பிழைத்த எனக்கு அவை பெயிண்டாகத் தெரிந்தன. நீயோ துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நிற்பாய். மூக்கில் கட்டச் சொன்னால், ஊர் முறைக்கு மாமாவான என்னைப் பார்த்துச் சிரிப்பாய்.

"தலையில புழுதி ஏறுனா ஊட்டுக்காரி தேய்ச்சே ஓய்ஞ்சு போவாளுங்க மாமா. மூக்கை ஆரு பாக்கறா?"

கடைசியில் கட்டிலிலிருந்து வாசலுக்கு வரவே உனக்கு மூச்சுப் போதவில்லை. நீ போன பிறகு உன் மனைவி கேட்டது ஒன்றுதான்: புழுதிதான் கொன்றது என்று கலெக்டர் ஆபீஸ்காரர்கள் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். அங்கே மனு வாங்கிய அதிகாரி, "பீடி குடிச்சிருப்பாரு" என்றார். பீடியைத் தொடாதவன் நீ. அந்தச் சொல்லை நான் மன்னிக்கப் போவதில்லை.

போன திங்கட்கிழமை, மனு வாங்கும் நாளில், அந்த அலுவலக வாசலில் மண்டியிட்டு உன் முகத்தைக் கல் மாவிலேயே எழுதினேன். துண்டுக்கு வெள்ளை, கன்னத்துக்குச் சாம்பல், கண்ணுக்குக் கறுப்பு. துண்டைத் தலையில் கட்டியவனாகவேதான் உன்னை எழுதினேன். அதிகாரி வெளியே வந்தபோது காற்று அடித்தது. அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அள்ளுங்க பெரியவரே. இந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது."

"அதைத்தானுங்க சாமி நாங்களும் சொல்றோம்" என்றாள் உன் மனைவி.

அவர் காரில் ஏறிவிட்டார். கூட்ட வந்த பெண் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டுதான் துடைப்பத்தை எடுத்தாள். உன்னைக் கூட்டி, நான் மாவு கொண்டுவந்த சாக்கிலேயே போட்டுக் கொடுத்தார்கள். நிறங்களெல்லாம் கலந்து ஒரே சாம்பல். அதை வைத்து இனி முகம் எழுத முடியாது.

அதனால் பக்கத்துக் காட்டு ரிக்கில் புது மாவு அள்ளப் போகிறேன். வரும் திங்களும் அதே வாசல்தான். உன் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டுவிட்டேன். இங்கிருந்து பார்த்தாலே தெரிகிறது, ரிக்கில் நிற்பவன் துண்டைத் தலையில்தான் கட்டியிருக்கிறான்.