கல்யாணத்தோடு நிறுத்திய பாடம்

என் செல்லச் செலினுக்கு,

உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து ஐந்து நாளாகிறது. பங்கு மண்டபம் நிறையச் சனம். உன் நினைவு மலரை வாசலில் வைத்துக் கொடுத்தார்கள். வழவழப்பான தாள், அட்டையில் நீ சிரிக்கும் படம். உள்ளே, "புகுந்த வீட்டில் ராணியைப் போல் வாழ்ந்தவர்" என்று ஒரு வரி. கட்டுரையின் கீழே என் பெயர், ஓய்வுபெற்ற ஆசிரியை என்ற பட்டத்தோடு.

அந்த வரியை நான் எழுதவில்லையடி. அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கச் சொல்லி உன் மகன் டெனிஸ், இங்கே கனடாவில் பியர்பொன்ட்ஸ் பகுதியிலுள்ள என் வீட்டுக்குத் தாளைக் கொண்டுவந்தான். நான் எழுதிய இரண்டு பக்கத்துக்குள் அந்த வரி புதிதாக ஏறியிருந்தது. சிவப்புப் பேனையால் வெட்டினேன்.

"பெரியம்மா, எழுத்துப்பிழை பாக்கத்தானே தந்தனான்."

"இதைவிடப் பெரிய பிழை இதில இல்லை, ராசா."

"அப்பம்மாதான் போடச் சொன்னவ. எல்லாற்ற மலரிலயும் போடுறதுதானே."

"உங்கட அப்பம்மா அம்மாவை என்னெண்டு கூப்பிடுறவ?"

அவன் தாளை மடித்தான். "மன்னார்க்காரி எண்டு. அது பகிடிக்கு, பெரியம்மா."

முப்பது வருசமாக அதே பகிடி. உனக்கு ஒருநாளாவது சிரிப்பு வந்ததா?

வெட்டிய வரி வெட்டாமலே அச்சாகிவிட்டது. ஆனால் என் கோபத்தில் பாதி என்மேல்தான். அந்த ராணிக் கதையைத் தொடக்கிவைத்தவள் நானல்லவா?

கனடாவிலிருந்து மாப்பிள்ளையின் படம் மன்னாரில் எங்கள் வீட்டுக்கு வந்த கிழமை உனக்கு நினைவிருக்கும். வெளியே ஷெல் சத்தம். "அக்கா, எனக்குப் பயமாக் கிடக்கு. தெரியாத சனம்" என்றாய். உன்னோடு கதைக்கச் சொல்லி அம்மா என்னை அனுப்பினா. நான் வகுப்பில் செய்வதையே செய்தேன். ஓர் உதாரணம் சொன்னேன். அந்தக் காலத்து இங்கிலாந்து ராணியின் மூத்த மகள், பதினேழு வயதில் ஜெர்மன் அரண்மனைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். மாரிக் குளிரில் அவளுடைய வண்டி பெர்லினுக்குள் நுழைய, தெருவின் இரு பக்கமும் சனம் நின்று கையசைத்தது. "அவளுக்கும் தெரியாத ஊர்தானே? போகேல்லையா?" என்றேன்.

"பேந்து என்ன நடந்தது?" என்று கேட்டாய்.

"பேந்தென்ன, நல்லா இருந்தவ."

எனக்குத் தெரியும், செலின். வருடா வருடம் படிப்பித்த சரித்திரம். அந்த அரண்மனை அவளைக் கடைசிவரை ஆங்கிலேயக்காரி என்றுதான் சொன்னது. அவளுடைய கடிதங்கள் ஒற்றர் கண்ணில் படாமல் போகவேண்டியிருந்தது. மூத்த மகனைத் தாய்க்கு எதிராகத் திருப்பினார்கள். கணவன் சக்கரவர்த்தியானபோது தொண்டை நோயால் பேச்சிழந்திருந்தான். சில மாதத்தில் செத்தும் போனான். அன்றே மகன் அரண்மனையைச் சுற்றிச் சிப்பாய்களை நிறுத்தி, தாயின் காகிதங்களைத் தேடுவித்தான். அவள் அவற்றை முன்கூட்டியே தாய்வீட்டுக்கு அனுப்பியிருந்தாள்.

வகுப்பில் மணி அடித்தால் பாடத்தைப் பாதியில் விடுவோம், அடுத்த நாள் தொடர்வோம். உனக்கு நான் கல்யாணத்தோடு நிறுத்தினேன். அடுத்த நாள் உன்னைக் கொழும்புக்கு அனுப்பும் ஆயத்தம் தொடங்கிவிட்டது. உயிராவது தப்பட்டும் என்று நினைத்தேன். அது உண்மை. ஆனால் அதை உன்னிடம் அப்படியே சொல்லியிருக்கலாமே?

பிறகு உன் தொலைபேசி அழைப்புகள். கர்க்லாண்டிலுள்ள உன் புகுந்த வீட்டிலிருந்து நீ எடுப்பாய். ஏதோ சொல்லத் தொடங்குவாய், மேல்மாடியில் யாரோ மற்ற ரிசீவரைத் தூக்கும் சத்தம் கேட்கும். உடனே குரலை மாற்றுவாய். "இஞ்ச சரியான ஸ்நோ, அக்கா." ஆனியிலும் சொன்னாய், ஆடியிலும் சொன்னாய். கனடாவில் ஆடியிலும் பனி கொட்டும் என்று நான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். நம்பினேனா, நம்ப விரும்பினேனா? பல வருடம் கழித்து நானும் கனடாவுக்கு வந்து, முதல் ஆடி மாதம் வேர்த்துக்கொட்டி பஸ்ஸுக்கு நின்றபோது, தெருவிலேயே அழுதேன்.

அந்த இளவரசியின் கணவனுக்காவது தொண்டையில் நோய். உன் மனுசனுக்கு என்ன நோய்? தாய்க்கு முன்னால் அவருக்கும் வாய் வராது. நீ பிரெஞ்சு வகுப்புக்குப் போகவேண்டும், கார்டெரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளைப் பார்க்கும் வேலைக்குப் போகவேண்டும் என்று கேட்டபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அதையும் நீ சாவதற்கு முந்தின மாதம்தான் சொன்னாய்.

பூசையன்று மண்டபத்தில் உன் மாமி, டெனிஸின் அப்பம்மா, சக்கர நாற்காலியில் இருந்தபடி என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டா. மலர் மடியில் கிடந்தது.

"ரீச்சர் வடிவா எழுதியிருக்கிறியள். ராணி மாதிரித்தான் வைச்சிருந்தனாங்கள், என்ன?"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். என் ஒரு கையில் தேத்தண்ணி, மறு கையில் பற்றீஸ் பலகாரம். நான் வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் கல்யாணத்தோடு நிறுத்திவிட்டேன், தங்கச்சி.

மறுநாள் டெனிஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். மேல்மாடி ரிசீவர்க் கதையைச் சொன்னேன்.

"அம்மா எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே, பெரியம்மா."

"எந்தப் பாஷையில ராசா சொல்லுறது? அவ தமிழில கதைக்க நீ பிரெஞ்சில ஏதோ சொல்லிச் சிரிப்பாய். அப்பம்மாவும் சேந்து சிரிப்பா."

"நான் சின்னப் பெடியன்" என்றான். பிறகு, "இல்லை, பேந்தும் சிரிச்சனான்" என்றான். இந்த ஒரு வசனத்துக்காக அவனை நான் முழுதாக வெறுக்க முடியாமலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு வருகிறேன் என்றிருக்கிறான். வராமலும் விடலாம். அதனால்தான் இதை நாலுபேர் வாசிக்க எழுதுகிறேன். அந்த வரியின் கீழே என் பெயரையும் நாலுபேர் வாசித்தார்கள்தானே. அவன் வந்தால், "பேந்து என்ன நடந்தது" என்று நீ கேட்டதற்கு உன் மகனிடம் பதில் சொல்வேன். உன் மாமியிலிருந்து தொடங்கமாட்டேன். என்னிலிருந்து தொடங்குவேன். இது சத்தியம்.

தெரிந்தே உன்னை அனுப்பிவைத்த
உன் அக்கா