இருபத்தேழாம் பக்கத்து நத்தை

அன்பு மகள் பெத்தனிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதினால் பொய், அதனால் எழுதவில்லை. போனில் இதைச் சொல்ல முடியாது, உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

சனிக்கிழமை அவளை நூலகத்துக்குக் கூட்டிப் போனேன். காதல் கதை அலமாரி முன்னால் உன் அம்மாவின் தோழி ஆக்ராய்டு அம்மா நின்றிருந்தார், என்னைப் பார்த்ததும், என்ன டங்கன், லிஃப்ட் மெக்கானிக்குக்கு இங்க என்ன வேலை, எந்தக் கதாநாயகன் பழுதாயிட்டான் என்று கிண்டல் செய்தார். அந்த அலமாரியை விடாமல் படிக்கிறவர்களின் வழக்கம் உனக்குத் தெரியும், படித்த புத்தகத்தில் ஆளுக்கொரு குறி, ஆக்ராய்டு அம்மாவுக்கு ஒரு சின்னப் பெருக்கல் குறி, உன் அம்மாவுக்கு நத்தை. நாலு வயதில் நீ சாப்பாட்டு மேசையில் கீறி வைத்தாயே, அதே நத்தை, உன் பிறந்த தேதியான இருபத்தேழாம் பக்கத்தில். நத்தை இருந்தால் படித்தாயிற்று, திரும்ப வைத்துவிடுவாள். அன்றைக்கு ஒரு புத்தகத்தை எடுத்தாள், நேராக இருபத்தேழுக்குப் போனாள். அங்கே ஐந்து நத்தைகள், பெத்தனி. எல்லாம் இந்த வருஷத்தியவை, புத்தகமே இந்த வருஷம்தான் நூலகத்துக்கு வந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது, யாரோ இதை அஞ்சு தடவை படிச்சிருக்காங்க, அப்ப நல்லாத்தான் இருக்கும் என்று சொல்லி எடுத்துக்கொண்டாள். ஆக்ராய்டு அம்மா சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார், என் கையை ஒரு தரம் அழுத்தி விட்டார்.

இப்போது எழுத்து அவள் கண்ணில் நிற்பதில்லை, நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். நீ சிரிப்பாய். கிராமத்துப் பாதிரியாரின் தங்கை, பக்கத்துப் பண்ணைக்காரன், கையைத் தொட இருநூறு பக்கம். முதல் பக்கத்திலேயே கட்டிக்கிறியா என்று கேட்டுத் தொலைத்திருந்தால் முடிந்திருக்குமே என்றேன். உனக்கு எல்லாம் அவசரம், பழுதான லிஃப்டுக்குள்ள ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்தி வெச்சுக் கேட்டவன்தானே நீ, ஒத்துக்காம நான் எங்க ஓடறது என்றாள். அது ஞாபகம் இருக்கிறது பார். முன்பெல்லாம் நான் கேலி செய்தால், எப்படி முடியும்னு தெரியறதாலதான்டா படிக்கிறேன், அதுல யாரும் யாரையும் தொலைக்க மாட்டாங்க என்பாள். அப்போது எனக்குப் புரியவில்லை, காது கொடுக்கவும் இல்லை. இப்போது நம் வீட்டுக் கதை எப்படி முடியும் என்று எனக்கும் தெரிகிறது, அதில் ஒரு ஆறுதலும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக, பழுது என்றால் காரணம் இருக்கும், காரணம் தெரிந்தால் பாகத்தை மாற்றலாம் என்று பிழைத்தவன் நான். மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்பத்தேழு வயது அவளுக்கு.

செவ்வாய்க்கிழமை மாலை டீ குடிக்கும்போது கதை முடிந்தது. பண்ணைக்காரன் மழையில் வந்து கதவைத் தட்டினான், உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பென்சில் கேட்டு வாங்கி, இருபத்தேழைத் திறந்து, நத்தைகளைத் தடவிப் பார்த்து, யார் வரைஞ்சது இது, சின்னப் பிள்ளை கை மாதிரி இருக்கு என்றாள். முதல்ல பெத்தனி வரைஞ்சது என்றேன். அழகா இருக்கு, பெத்தனி யாரு என்றாள். கேட்டதை அவளே மறந்து, டீ ஆறிப்போச்சு என்று என்னைத் திட்டினாள். பிறகு ஆறாவது நத்தையைப் போட்டாள், கொம்பு இல்லாமல்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றாய். அதற்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. முன்னாலேயே வா. வந்து நின்றால் உன்னை அடையாளம் தெரியும் என்று நான் உறுதி தர மாட்டேன். கதவைத் தட்டியதும் எல்லாம் சரியாகிவிடுவது அந்த அலமாரியில் மட்டும்தான். தெரியவில்லை என்றால் கோபித்துக்கொள்ளாதே, திருத்தாதே. பென்சிலைக் கையில் கொடுத்தால் இன்னும் இருபத்தேழுக்குத்தான் போகிறாள். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை, ஆனாலும் போகிறாள். என்னிடம் உனக்குச் சொல்ல மிச்சம் இருப்பது அவ்வளவுதான்.

நியூசிலாந்துக் குளிரில் காதை மூடிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றாவது நடக்கட்டும். பாஸ்போர்ட் தேதியை இன்றைக்கே பார்.

உன் அப்பா,
டங்கன்
ஸ்கிப்டன், மே 23