பிக்கப்புக்குப் புது பிரேக்

நீ இன்னைக்கு உன் துணிமணியெல்லாம் எடுத்துட்டுப் போக வர்றதா உங்க அக்கா சொன்னாங்க. நான் பஸ்ல வேலைக்குப் போறேன். பிக்கப்பை நீ எடுத்துட்டுப் போ. சாவி ஆணியில தொங்குது.

பிரேக் கத்துதுன்னு நீ தலைபாடா அடிச்சுக்கிட்ட; நான்தான் காதுல போட்டுக்கல. அந்தச் சண்டையிலதான் நீ அக்கா வீட்டுக்குக் கிளம்பினே. இப்ப கழட்டிப் பார்த்தா பேட் முழுசாத் தேஞ்சு, இரும்பு டிஸ்க்கைச் சுரண்டியிருக்கு. பேட் மட்டும் போதும்னாரு மெக்கானிக். ஓட்டப்போறது நீயாச்சேன்னு ரெண்டு பக்கமும் டிஸ்க்கையும் சேர்த்தே மாத்தச் சொல்லிட்டேன். புதுசு, பேட் டிஸ்க்கோட நல்லாப் படியுற வரைக்கும் பிரேக்கைச் சடார்னு மிதிக்காதே.

சாப்பாடு மூடி வச்சிருக்கேன். சாப்பிட்டுட்டுப் போ.

பி.கு.: சீட்டைச் சரிபண்ண வேண்டியிருக்காது. நீ முன்னாடி இழுத்து வச்சபடியேதான் இருக்கு. ஒன்பது நாளா முழங்கால் இடிக்க இடிக்கத்தான் ஓட்டுறேன்.